பெண்களுக்கு மட்டும் ஒரு போன் திருத்துமிடம்

அந்தப் பிள்ளை தந்த ஒப்படை ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. மற்றவர்கள் இருபது, இருபத்தைந்து பக்கம் எழுதி, நிற அட்டை போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிப்பிக்கிறவள். வீடு கல்முனையில். எனக்குத் தந்த பாடங்களில் ஒன்று முயற்சியாண்மை, சொந்தத் தொழில் தொடங்கி நடத்துகிற பாடம். பல வருஷமாக அதைக் குறிப்பிலிருந்துதான் படிப்பித்தேன். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் எல்லாரையும் உலுப்பிவிட்டுப் போன பிறகு, பிள்ளைகள் அரசாங்க நியமனத்துக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது, சொந்தமாக ஏதாவது தொடங்கப் பழக வேண்டும் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சொல்லத் தொடங்கினார்கள். நானும் அதை நம்பினேன். அந்த வருஷம் மூன்றாம் வருட மாணவர்களுக்கு ஒரு புது ஒப்படை கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஒரு சின்னத் தொழிலைத் திட்டமாக எழுத வேண்டும். பிறகு அந்தத் தவணை முழுவதும் அதை உண்மையாகவே நடத்திக் காட்ட வேண்டும். பாதிப் புள்ளி திட்டத்துக்கு, பாதி நடத்துவதற்கு.

கேக் செய்கிறவர்கள் ஐந்து பேர், அபாயா விற்கிறவர்கள் நான்கு பேர், கலியாணக் கார்ட் வடிவமைக்கிறவர்கள் மூன்று பேர் என்று வந்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் போன் திருத்தப் போவதாக எழுதியிருந்தாள். பெண்களின் போனை, பெண்ணே திருத்துகிற இடம். சந்தை ஆய்வு என்ற தலைப்புக்குக் கீழே இரண்டே வசனம்: "எங்கட ஊரில் பெண்கள் போன் பழுதானால் திருத்தக் கொடுப்பதில்லை. அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேறு வாங்குகிறார்கள்."

அவளை என் அறைக்குக் கூப்பிட்டேன். சம்மாந்துறைப் பிள்ளை. வகுப்பில் கடைசி வாங்குக்கு ஒன்று முன்னால் இருப்பாள். கேட்டால் மட்டும் கதைப்பாள்.

"மகள், இது காணாது. எத்தின பேர்ட்ட கேட்டீங்க? போட்டியாளர் ஆரு? ஒண்டும் எழுதல்லயே" என்றேன்.

"போட்டியாளர் இல்ல மெடம். வேற பொம்புள ஒராளும் செய்றல்ல."

"இந்த வேலைய எங்க பழகின?"

"கூடப்பொறந்த காக்கா போன் கடை வெச்சிருந்தாரு. வேல கூடினா ஊட்ட கொண்டு வருவாரு. பக்கத்துல இருந்து பாத்துப் பழகின. அவரு கத்தாருக்குப் போன பொறகு சாமான் எல்லாம் என்னட்டதான் கிடக்கு. மிச்சம் யூடியூப்ல பாத்த."

"வாப்பாக்குத் தெரியுமா?"

"உம்மாக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு அந்த யோசனை சரிவரும் என்று படவில்லை. கேக் செய்கிற பிள்ளைகளோடு சேர்ந்துகொள், அவர்களுக்கு இன்னொரு கை தேவை என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். அவள் மேசையில் கிடந்த தன் ஒன்றரைப் பக்கத்தை எடுத்து மடித்தாள். பிறகு கேட்டாள்:

"மெடம், கோவிக்காதீங்க. உங்கட ஊட்ட பழுதான போன் எத்தின கிடக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். திட்டத்துக்கு ஐம்பதுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டேன்.

வீட்டுக்கு வந்து அபாயாவைக் கழற்றி மாட்டும்போது அலுமாரியின் கீழ்த்தட்டு கண்ணில் பட்டது. துணிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். மூன்று போன்கள் இருந்தன. ஒன்று என்னுடையது, மகள் பிறந்த காலத்தில் பாவித்தது. அவளுடைய முதல் இரண்டு வருஷப் படங்கள் முழுக்க அதற்குள்தான். சார்ஜ் ஏறாமல் போய் ஆறு வருஷம். கல்முனையில் போன் கடைக்கா குறைவு? பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு நாளும் கொடுக்கவில்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அதற்குள் நான் முக்காடில்லாமல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிற படங்கள் இருக்கின்றன. பிள்ளையைக் குளிப்பாட்டுகிற படங்கள் இருக்கின்றன. அதை ஒரு ஆண்பிள்ளையின் கையில் கொடுத்து, "நாளைக்கு வாங்க மெடம்" என்று சொல்லக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே கூடச் சொன்னதில்லை. மற்ற இரண்டும் என்னோடு கூடப்பிறந்த ராத்தாவுடையவை. அவளும் அதே காரணத்துக்காகத்தான் என்னிடம் தந்து வைத்திருப்பாள்.

சந்தை என்றால் என்ன என்று வருஷக்கணக்கில் வரைவிலக்கணம் சொல்லிக் கொடுத்தவள் நான். அது என் உடுப்புக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

அடுத்த நாள் போனைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஊட்ட கொண்டு போகமாட்டன் மெடம். போன்காரி பக்கத்துல இருக்கணும். நாளைக்குச் சாமான் கொண்டு வாறன், உங்கட ரூமுக்குள்ளயே செய்வம்."

மறுநாள் பகல் இடைவேளையில் என் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். தும்பு போன ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஏதோ திராவகம், ஊசி போன்ற திருப்புளிகள். கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் எந்த இடத்திலிருந்து கழற்றினாளோ அதே ஒழுங்கில் துணியில் வைத்தாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள். உப்புக் காற்றில் சார்ஜ் ஏறும் வாய் பச்சை பிடித்துப் போகுமாம். கடற்கரை ஊர்ப் போன்களுக்கெல்லாம் இதே நோய்தானாம்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு போன் அதிர்ந்தது. திரையில் வெளிச்சம் வந்த அந்தக் கணத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போனைக் குப்புறக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினாள். இரகசிய இலக்கம் கேட்கவில்லை. வேலை செய்கிறதா என்று பார்க்கவும் இல்லை.

"நீங்க பாத்துச் சொல்லுங்க மெடம், சரியா எண்டு."

நான் பார்த்தேன். மகள் பல் முளைக்காத வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

புள்ளியை நான் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. போட்ட புள்ளியை மாற்றினால் மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளி பின்னேரமும் சனிக்கிழமையும் அவளுடைய வீட்டு முன்னறையில் வேலை நடந்தது. நெல் ஆலையில் இயந்திரம் ஓட்டுகிற அவளுடைய வாப்பாவுக்கு அதற்குள் உம்மா மெதுவாகச் சொல்லியிருந்தார். சிநேகிதிகளின் போன்தானே என்று அவரும் விட்டுவிட்டார். முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு சாய்ந்தமருதிலிருந்து, நாவிதன்வெளியிலிருந்து என்று வரத் தொடங்கினார்கள். இந்துக்களின் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒரு ரீச்சர் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தாராம். வெட்கம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அவள் எனக்குச் சொன்னாள். ஒரு நாள் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். ஏழெட்டுப் பெண்கள் பாயில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தங்கள் முறை வரும்வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அவளுக்கு எதிரே கதிரையில் போய் இருந்தார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு இன்னமும் கஷ்டம்.

அந்தப் பாடத்துக்கென்று நான் ஒரு பேஸ்புக் பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களின் முயற்சியை நாலு பேருக்குக் காட்டுவது ஊக்கம் என்று நினைத்தேன். அவள் வேலை செய்துகொண்டிருந்தபோது நான் எடுத்த ஒரு படத்தைப் போட்டு, ஊர், வீதி, திறந்திருக்கும் நேரம் எல்லாம் எழுதி, கீழே பெருமையாக நாலு வரியும் சேர்த்தேன். அவளிடம் கேட்கவில்லை. முந்நூறு பேருக்கு மேல் அதைப் பகிர்ந்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்ததை நான் படிக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. கூட்டாளிப் பிள்ளையிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சம்மாந்துறையில் ஒரு புதுப் பெண் மருதாணி போட்ட அன்று, தலைமுடி விரித்தபடி இருந்த படம் ஒன்று வட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். கலியாணம் முடிந்த கையோடு அந்தப் பெண் போனைத் திருத்தக் கொண்டுபோன இடம் இவளுடைய இடம்தானாம். வேறு எங்கிருந்து படம் வெளியே போயிருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டதாம். கேள்விப்பட்ட எல்லாருக்கும் என் பேஸ்புக் பக்கத்தில் அவளுடைய முகமும் விலாசமும் தயாராக இருந்தன.

அன்றைக்கே ஓட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாப்பா ஆலையிலிருந்து வந்து, கையில் இன்னும் கிரீஸ் கறையோடு கதிரையில் இருந்தார். முன்னறை மேசை வெறுமையாக இருந்தது. சலாம் சொல்லி உட்கார்ந்தேன். நான் தொடங்குவதற்கு முன் அவரே கதைத்தார்.

"மெடம், கோவமா சொல்றெண்டு நெனக்காதீங்க. நீங்க போடுற புள்ளி தாள்ல கிடக்கும். ஊர் போடுற புள்ளி என்ட புள்ளட நெத்தியில கிடக்கும். நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேச ஆரு வருவான்?"

"படத்த போட்டது நான்தான். அவட்ட கேக்கவுமில்ல. அது என்ட பிழை" என்றேன். அவர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டேன் என்ற ஆட்டமல்ல. கேட்டுக்கொண்டேன் என்ற ஆட்டம்.

அந்தப் பிள்ளை உள்ளேயிருந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"வாப்பா, அந்தப் புள்ள எனக்கு முன்னுக்குத்தான் இருந்த. போன்ல பெட்டரி மட்டும்தான் மாத்தின. திரைய நான் பாக்கவேயில்ல. இப்ப அவங்கட ஊட்ட போகப் போறன்."

"போய் என்ன செய்ற?" என்றார் உம்மா, குசினிக்குள்ளிருந்து.

"அந்தப் படத்த ஒருக்காப் பாக்கணும்."

வாப்பா எழுந்து சேர்ட்டை மாட்டினார். "நடங்க" என்றார். அவள் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க மெடம். ஆனா நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்" என்றாள்.

மூன்று வளவு தள்ளித்தான் அந்தப் புதுப்பெண்ணின் வீடு. வாப்பா வெளியே வேலியோரம் நின்றுகொண்டார். கதவைத் திறந்த புதுப்பெண்ணின் உம்மா எங்களைக் கண்டதும் முகத்தை இறுக்கிக்கொண்டார். இனி என்ன வேணும் என்று கேட்டார். அந்தப் பிள்ளை சலாம் சொல்லிவிட்டு, "மாமி, அந்தப் படம் உங்கட்ட கிடக்கா? நான் ஒருக்காப் பாக்கணும். உங்கட மகளும் பக்கத்துல இருந்து பாக்கட்டும்" என்றாள்.

"அவள் பாக்கல்ல. அவளுக்கு அத நான் காட்டவேயில்ல. அழுது சாகிறாள் புள்ள" என்றார் அவர். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் படத்தைப் பற்றி ஊரே கதைக்கிறது. ஆனால் வெட்கத்தில் எல்லாரும் உடனே மூடிவிட்டார்கள். யாரும் நிதானமாகப் பார்க்கவில்லை. படத்தில் இருப்பவளே பார்க்கவில்லை.

புதுப்பெண் அறைக்குள்ளிருந்து தானாகவே வந்தாள். "காட்டுங்க உம்மா" என்றாள். உம்மா தன் போனைத் தேடிப் பிடித்து, யாரோ அனுப்பிய அந்தப் படத்தைத் திறந்து, மகளின் கையில் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளும் குனிந்து பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, முழங்காலுக்குப் பக்கத்துல பாயில கிடக்கிறது என்ன?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

புதுப்பெண் திரையைப் பெரிதாக்கினாள். நீலப் பூப் போட்ட உறையோடு ஒரு போன் பாயில் கிடந்ததாம். அவளுடைய போன். அப்போதும் அதே உறையோடு அது அவள் கையிலேயே இருந்தது.

"உம்மா, இது என்ட போனால எடுத்த படமில்ல" என்றாள் புதுப்பெண். "எனக்கு நேர முன்னுக்கு இருந்து ஆரோ எடுத்திருக்கா. என்ட போன்ல இந்தப் படம் இருந்ததேயில்ல."

நேர் முன்னுக்கு இருந்தது யார் என்று உம்மாவுக்கும் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில் அது ஏதோ சொந்தத்துக்குள் முடிகிற விஷயம் என்று எனக்குப் பட்டது. பெயர் வெளியே வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உம்மா, "இருங்க, தேத்தண்ணி ஊத்துறன்" என்றார். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லி எழுந்தாள். வெளியே வந்ததும் வாப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். திரும்பும் வழி முழுவதும் அவர் மகளின் பக்கத்தில் நடந்தார். போகும்போது நாலடி முன்னால் நடந்தவர் அவர்.

உண்மை தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். அப்படி ஆகவில்லை. பழி ஓடிய வேகத்தில் பதில் ஓடாது. அந்த வீட்டுக்காரர் ஊரெல்லாம் போய், எங்கள் சொந்தத்தில் ஒருத்திதான் செய்தாள் என்று சொல்லப் போவதில்லை. நான் பேஸ்புக் பக்கத்தில் விளக்கம் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மெடம். இருக்கிறத எடுத்துட்டாப் போதும்" என்றாள். அன்றைக்கே படத்தை எடுத்தேன். பிறகு அந்தப் பக்கத்தையே மூடிவிட்டேன். அவளிடமிருந்து நான் கேட்காமல் எடுத்தது அந்தப் படம் மட்டும்தானா என்று பல நாள் யோசித்தேன். அவளுடைய முயற்சியை நான் ஊக்குவித்தேனா, இல்லை என் பாடத்துக்கு ஒரு சாட்சியாக அவளைப் பிடித்து நிறுத்தினேனா? இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கிறது. ஒரே சமயத்தில் நடக்கும்போது எது எது என்று பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

இரண்டரை மாதம் ஒருவரும் வரவில்லை. தவணை முடிந்தது. நடத்திக் காட்டிய பகுதிக்கு முழுப் புள்ளியும் போட்டேன். ஏன் என்று கேட்ட சக விரிவுரையாளருக்கு நடந்ததைச் சொன்னேன். தொழில் படுத்துப்போனதுக்கு முழுப் புள்ளியா என்று அவர் சிரித்தார். படுத்த இடத்தில் அவள் என்ன செய்தாள் என்பதற்குத்தான் புள்ளி என்றேன்.

முதலில் திரும்பி வந்தவர் அந்தப் புதுப்பெண்ணின் உம்மாதான். ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில், வீதியால் எல்லாரும் பார்க்க நடந்து வந்து, உடைந்த திரையோடு தன் போனைக் கொடுத்தாராம். மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்த எதையும் கதைக்கவில்லை. திருத்தி முடியும்வரை கதிரையில் இருந்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அரை மணித்தியாலம் உரத்துக் கதைத்தாராம். அது போதுமாக இருந்தது. அடுத்த கிழமை நாலு பேர் வந்தார்கள். வாப்பா ஆலையிலிருந்து ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் பூட்டிக் கொடுத்தார். பிறகு அவரே சில நேரம் அதற்குள்ளால் எட்டிப்பார்த்து, "இந்தச் சின்ன ஆணிய ஆரு செஞ்சானோ" என்று வியப்பாராம்.

பட்டம் முடித்து ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அரசாங்க நியமனம் கிடைத்தது. பிரதேச செயலகம் ஒன்றில் உத்தியோகம். செய்தி கேட்டதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை மறைக்கவும் தெரியவில்லை. போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அப்ப கடை?" என்று கேட்டேன்.

"பின்னேரத்துல திறப்பன் மெடம். ரெண்டு புள்ளயளுக்குப் பழக்கியிரிக்கன், பகல்ல அவங்க பாப்பாங்க."

"இவ்வளவு கஷ்டப்பட்டு நிமித்தின தொழில். முழு நேரமாச் செஞ்சா எங்கேயோ போயிருக்கலாமே, மகள்."

"மெடம், உம்மா இந்த நியமனக் கடுதாசிய நெஞ்சில வெச்சு அழுதா. நீங்களும் ஒரு கடுதாசியோடதானே இருக்கீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

உண்மைதான். மாதம் முடிந்தால் சம்பளம், வயது வந்தால் ஓய்வூதியம் என்ற நிழலில் நின்றுகொண்டுதான் நான் பிள்ளைகளை வெயிலுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் நல்லது என்பது பொய்யல்ல. ஆனால் சொல்கிறவள் எங்கே நிற்கிறாள் என்பதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அரசாங்க வேலையைக் கேலி செய்வதை நிறுத்தினேன். ஒரு பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ள நினைத்தால், அதற்கு எப்படி நேரம் பிரிப்பது என்று அவளோடு இருந்து யோசிக்கிறேன். திட்டம் இத்தனை பக்கம் இருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டேன். முதலில், உங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்து வாருங்கள் என்கிறேன். சிலர் வெறுங்கையோடு வருகிறார்கள். சிலர் கொண்டுவருவது என் நித்திரையைக் கெடுக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் காகிதங்கள் வைத்த ஒரு கோவை. கல்முனையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதியில் ஒரு அறை பார்த்திருக்கிறாளாம். பழக்கிய பிள்ளைகள் இப்போது நாலு பேர். செயலகத்தில் ஒரு வருஷம் சம்பளமில்லா விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். உம்மா ஒன்பது நாளாக முகம் பார்த்துக் கதைக்கவில்லை. வாப்பா மட்டும், "ஒரு வருஷம்தானே, பாப்பம்" என்று சொல்லியிருக்கிறார்.

"சரியாத்தான் செஞ்சிரிக்கனா மெடம்?" என்று கேட்டாள்.

முன்னைய நான் என்றால் உடனே ஓம் என்றிருப்பேன். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது மகள்" என்றேன்.

அவள் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். "எனக்கும் தெரியாதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கோவையைத் திறந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்தாள். இருவருமாக அதை வரி வரியாக வாசித்தோம். மூன்றாவது பந்தியில், திருத்த வேலை ஏதும் வந்தால் யார் செய்வது என்று எழுதாமல் விட்டிருந்தார்கள். அவள் பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.